நாற்பத்தேழாம் எண்காரி

தான் எழுதிய கதையைத் தன் வீட்டுக்காரர் வாயாலேயே கேட்கும்படி ஆயிற்று நஸீமாவுக்கு. அதுவும் அவர் தப்பாகச் சொன்னார். கேட்டபோது அவள் கையில் தேங்காய் மூடி இருந்தது. தேங்காய்ப் பருப்பு தீர்ந்து சிரட்டையில் திருகியின் பல் பட்டுக் கிறீச்சிடும் வரை திருகிக்கொண்டே இருந்தாள்.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம், பிப்ரவரி இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை. நோன்பு பதின்மூன்று. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தின இரண்டு வாரத்தைச் சொல்லியாக வேண்டும்.

நஸீமாவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கடையநல்லூரில் பத்தாவது வரை படித்துவிட்டு மேலப்பாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டுக்காரர் அலி அக்பர் பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். கேட்டு, ஜன்னல் கம்பி, கோழிக்கூண்டு, எது கேட்டாலும் செய்து தருவார். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். மாமியார் ஜமீலா பீவி. அந்த வீட்டில் நஸீமா கதை எழுதுகிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும், அவளுக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும் என்பது தெரிகிற மாதிரி. யாரும் அதைப்பற்றிக் கேட்டதில்லை. ஆறு வருஷமாகப் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பினாள். கூடவே வைத்தனுப்பிய தபால்தலை ஒட்டிய கவரில் அத்தனையும் பத்திரமாக வீடு திரும்பின. ஒரு வரி, ஒரு பெயர், எதுவும் அச்சில் வந்ததில்லை.

அந்த ஜனவரியில் மதுரையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகை போட்டி ஒன்று வைத்தது. பன்னிரண்டு சொற்களை அச்சிட்டிருந்தார்கள். பிப்ரவரி பதினான்கிலிருந்து, ஞாயிறு நீங்கலாக, தினம் ஒரு சொல்லை வைத்து ஒரு கதை. கதை ஒரு அஞ்சலட்டைக்குள் அடங்க வேண்டும். அட்டையில் அன்றைய தேதி முத்திரை விழுந்திருக்க வேண்டும். பெயர் எழுதக் கூடாது. முன்னமே கூப்பன் அனுப்பியவர்களுக்கு ஒரு எண் வரும், அதை மட்டும் போட வேண்டும். நஸீமாவுக்கு நாற்பத்தேழு வந்தது. பரிசை அவள் கண்டுகொள்ளவில்லை. விதிகளுக்கு அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தாள்: ஒரு நாள் கூட விடாமல் பன்னிரண்டும் அனுப்புகிறவர்கள் ஒவ்வொருவருடைய ஒரு கதையாவது பெயரோடு வெளியாகும்.

நல்ல கதையாக இருக்க வேண்டும் என்று கூட இல்லை. விடாமல் அனுப்பினால் போதும். விடாமல் ஒன்றைச் செய்வது அவளுக்குப் பழக்கப்பட்ட வேலை. பதினான்கு வருஷமாக அந்த வீட்டு அடுப்பை ஒரு நாள் விட்டதில்லை.

நோன்பு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது, போட்டி மறுநாள் தொடங்கியது. இரண்டும் ஒன்றாக வந்து விழும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றும் வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் ஜமீலா பீவி.

நோன்பு மாசத்தில் டிவி கிடையாது என்பது ஜமீலா பீவி போட்ட சட்டம். சினிமா, பாட்டு, நாடகம் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வருஷம்தான் வீட்டுக்குக் கேபிள் இழுத்திருந்தது. மாதச் சந்தா கட்டிவிட்டு டிவியைத் துணி போட்டு மூடி வைக்க அவருக்கே மனசு வரவில்லை. செய்தி பார்க்கலாம் என்று முதலில் தளர்த்தினார். செய்தி தேடித் திருப்பும்போது விளையாட்டுச் சேனல் வந்தது. அங்கே நார்வே என்ற தேசத்தில் ஒரே வெள்ளையாக, ஊரே உப்பளம் மாதிரி கிடந்தது. காலில் பலகை கட்டிய ஒருவன் மலையுச்சியிலிருந்து சறுக்கி வந்து அந்தரத்தில் பறந்தான்.

“யா அல்லாஹ்!” என்று ஜமீலா பீவி தஸ்பீஹ் மணியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். “ஏளா நஸீமா, இங்கன ஓடியா! இவனப் பெத்தவ எங்கன போனா? கட்டிப் போடப்படாதா?”

நஸீமா ஓடி வந்து பார்த்தாள். பறந்தவன் ஐந்தாறு பனைமர நீளம் தள்ளி இறங்கி, ஒன்றும் நடக்காத மாதிரி கையை ஆட்டினான். அவளுக்குக் கால் கூசியது.

“இது விளையாட்டுதான? பாட்டு இல்லேல்லா?” என்று கேட்டார் மாமியார்.

“இல்ல மாமி.”

“அப்போ இருக்கட்டும்.”

அன்றிலிருந்து மத்தியானம் மூன்று மணி என்றால் டிவி முன்னால் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு தட்டு மாதிரி வண்டியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கால் முன்னால் போக ஐஸ் வாய்க்காலில் ஆட்கள் பாய்ந்து வருவார்கள். ஜமீலா பீவிக்கு அதுதான் பிடித்தம். ஒவ்வொருவன் புறப்படும்போதும் பிஸ்மி சொல்லுவார், ஒழுங்காக வந்து சேர்ந்தால் “அல்ஹம்துலில்லாஹ், வீடு வந்து சேந்துட்டான்” என்பார். பெண்கள் ஐஸ் மேல் சுழன்று ஆடுவதைக் காட்டியபோது மட்டும் சிக்கல் வந்தது. குட்டைப் பாவாடை, கூடவே இசை. ஜமீலா பீவி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: சத்தத்தை அமத்திவிட்டுப் பார்க்கலாம், காலில் தோல் நிறத்தில் உறை போட்டிருக்காளுவ, அதனால மூடின கணக்குதான்.

அந்த ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டே நஸீமா அரிசி புடைத்தாள், பருப்பில் கல் பொறுக்கினாள், கஞ்சிக்குத் தேங்காய் திருகினாள். மடியில் சுளகைக் கவிழ்த்து அதன் முதுகில் அட்டையை வைத்து எழுதினாள். நோன்பு நேரத்து நாக்கு வறட்சியோடு அவ்வளவு ஐஸைப் பார்ப்பது ஒரு சோதனை. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டால் எப்படி இருக்கும் என்று நினைப்பு ஓடும்; உடனே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொள்வாள். அந்த நினைப்பே செவ்வாய்க்கிழமை அட்டைக்குக் கதையாயிற்று. புதன்கிழமை கதை மும்முரத்தில் கஞ்சிக்கு உப்புப் போடவில்லை. அலி அக்பர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். நோன்பு திறக்கிற நேரத்தில் கோபப்படக் கூடாது என்று ஊறுகாயை இழுத்துவைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமைச் சொல் ‘பனி’. நெல்லையில் பனி என்றால் மார்கழிக் காலையில் தலையில் துண்டு கட்ட வைப்பது, அவ்வளவுதான். அந்த வாரம் பார்த்ததெல்லாம் கைக்கு வந்தது. மேலப்பாளையத்தில் ஒரு விடியலில் முழங்கால் அளவு பனி கொட்டுகிறது என்று தொடங்கி, இருபத்து மூன்று வரிகளில் முடித்தாள். முடித்தவள், தானே திடுக்கிட்டுப்போய் அதை மாமியாருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். “நல்லா இருக்கு. கையெழுத்து பொடிசா இருக்கு” என்றார் ஜமீலா பீவி, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

மூன்றரை மணி ஆனதும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பின்வாசல் வழியாக முடுக்கில் இறங்குவாள். வீடுகளின் முதுகுப்புறமாக ஓடும் அந்தச் சந்து பெண்களுடையது. ஆண்கள் அதில் வர மாட்டார்கள், பெண்கள் முன்தெருவில் வேலையில்லாமல் நடக்க மாட்டார்கள். முடுக்கு முன்தெருவில் போய் முட்டுகிற மூலையில், தெருப்பக்கச் சுவரில் தபால் பெட்டி தொங்கும். நான்கு மணிக்குத் திறப்பார்கள். தெருவில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் பெண்கள் யாரும் மூலையைத் தாண்டுவதில்லை. முடுக்கில் நின்றபடியே கையை மட்டும் வளைத்து நீட்டினால் பெட்டியின் வாய் விரலுக்குத் தட்டும். தள்ளிவிட்டுத் திரும்பிவிடலாம். வந்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் கடிதம் போட்டாள். சிவப்புப் பெட்டியின் பக்கவாட்டை மட்டும்தான் அவள் பார்த்திருக்கிறாள். முகத்தைப் பார்த்ததில்லை.

திங்கள் முதல் அடுத்த வியாழன் வரை, ஞாயிறு போக, பத்து நாள். பத்து அட்டை. வியாழன் இரவு படுக்கும்போது, இன்னும் இரண்டு என்று விரல் மடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகை முடிந்து அலி அக்பர் வந்தார். பட்டறைக்கு அன்று விடுமுறை. சட்டையை ஆணியில் மாட்டும்போதே சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“உம்மா, பள்ளியில நடந்த கூத்தக் கேட்டியளா?”

“என்னலே?” என்றார் ஜமீலா பீவி. டிவியில் ஒருவன் பலகையோடு உச்சியில் உட்கார்ந்து தயாராக இருந்தான்.

“நோன்பு தர்மத்துக்குன்னு நான் ஒரு பொட்டி செஞ்சு குடுத்தம்லா, அத இன்னைக்குத் தொறந்தாவ. நோட்டும் சில்லறையுமா நல்லா விழுந்திருக்கு. கூடவே பத்து போஸ்ட் கார்டு!”

“போஸ்ட் கார்ட எதுக்குல தர்மம் பண்ணணும்?”

“அதாம் கூத்து. பத்துலயும் கதை. மதுரைக்கு அட்ரஸ் போட்டிருக்கு. எழுதினவன் பேரு இல்ல, எண் நாப்பத்தேழுன்னு மட்டும் இருக்கு. பொருளாளர் மொகுதூம் அண்ணாச்சி என்ன செஞ்சாவ, நாப்பத்தேழாம் நம்பர் வீட்டு ஹாஜியாருக்கு ஆள் விட்டாவ. அவரு பாவம், கைநாட்டு. ‘சத்தியமா எனக்கு எழுதத் தெரியாது வே, தெரிஞ்சா பேங்குல எதுக்கு மை தடவுதேன்’னு அழுவாத கொற.”

தேங்காய்த் திருகி கிறீச்சிட்டது. அலி அக்பர் கவனிக்கவில்லை.

“அண்ணாச்சி ஒண்ண எடுத்துச் சத்தமா வாசிச்சாவ. கேளுங்க உம்மா, நம்ம மேலப்பாளையத்துல பனி பெய்யுதாம்! நீங்க பாக்குதியளே, இதே மாதிரி. எது தெரு எது முடுக்குன்னே தெரியலையாம், எல்லாம் ஒரே வெள்ளை. பொம்பளைக அத்தன பேரும் தெருவுக்கு வந்து வழுக்கி வழுக்கி விழுந்தாளுவளாம். பள்ளியே சிரிச்சிது.”

“விழல.”

அலி அக்பர் திரும்பிப் பார்த்தார்.

“ஒருத்தி கூட விழல,” என்றாள் நஸீமா. குரல் அவளுடையது மாதிரி இல்லை. “நடந்தாவ. ஆத்தங்கரை வரைக்கும் நடந்துட்டு வந்தாவ. மத்தியானம் வெயிலடிச்சுப் பனி உருகின பொறவு, தெரு எதுன்னு தெரிஞ்சுது. அப்பம் முடுக்குக்குள்ள போயிட்டாவ.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

ஜமீலா பீவி டிவியைப் பார்த்தபடியே சொன்னார். “அது போன வியாழக்கெழம எழுதுனதுல்லா? எங்கிட்ட ரெண்டு தரம் வாசிச்சாளே. ஏளா, அதுல ஆத்தங்கரை எங்கன வந்துச்சு? நான் கேக்கலையே.”

அலி அக்பர் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார், ஏதோ அன்னியர் வீட்டில் நிற்கிறவர் மாதிரி. சட்டை பித்தான் ஒன்று தள்ளி மாட்டிக்கொண்டது.

“நீயா? நாப்பத்தேழு நீயா?”

அவளுக்கு அந்தக் கேள்வி காதில் விழவே இல்லை. வேறொரு கணக்கு தலைக்குள் மெல்ல விழுந்துகொண்டிருந்தது. தர்மப் பெட்டிக்குள் தன் அட்டை எப்படிப் போகும்? அவள் போட்டது தபால் பெட்டியில். தினமும் கையால் தடவித்தான் போட்டாள்.

“அந்தப் பொட்டி எங்கன இருக்கு?” என்று கேட்டாள்.

“முடுக்கு முக்குலதான். பழைய தபால் பொட்டி அடி துருப்பிடிச்சு ஓட்ட விழுந்திருச்சுன்னு தபால்காரவ கழட்டிட்டுப் போயிட்டாவ. புதுசு ரைஸ் மில்லு பக்கம் வச்சிருக்காவ. பழைய கொக்கி சொவத்துல நல்லா இருந்துச்சு. எதுக்குப் புதுசாத் தொளை போடணும்னு நாந்தான் அதுலயே மாட்டுனேன்.” சொல்லச் சொல்ல அவர் வேகம் குறைந்தது.

“என்ன நெறம்?”

அலி அக்பர் பதில் சொல்லச் சங்கடப்பட்டார். “பேட்டையில ஒரு கேட்டுக்கு அடிச்ச செவப்பு மிச்சம் கெடந்துச்சு.”

“எப்பம் மாட்டுனிய?”

“நோன்புக்கு நாலு நாள் முன்னாடி.”

“தபால் பொட்டிய மாத்துனத யாருட்ட சொன்னாவ?”

“பள்ளியில அறிவிச்சாவளே. ஊருக்கே தெரியும்.”

“எனக்குத் தெரியாது,” என்றாள் நஸீமா. “மாமிக்குத் தெரியாது. இந்த முடுக்குல ஒருத்திக்கும் தெரியாது.”

ஊர் என்று சொல்லும்போது அதில் பாதிப் பேர் பள்ளிக்கு வருவதில்லை என்பது அலி அக்பருக்கு அன்றுதான் உறைத்திருக்க வேண்டும். டிவியில் உட்கார்ந்திருந்தவன் பறந்தான். யாரும் பார்க்கவில்லை, ஜமீலா பீவி கூட.

“அட்டை பத்தும் இப்பம் எங்க? அண்ணாச்சி கையிலயா?”

“அவிய ரொம்ப நேர்மையான ஆளு. யாரோட பொருளோ, அமானிதம், நம்மகிட்ட நிக்கக் கூடாதுன்னு அப்பமே கொண்டு போயி…” அவர் நிறுத்தினார்.

“எங்க கொண்டு போயி?”

“ரைஸ் மில்லு தபால் பொட்டியில போட்டுட்டாவ.”

நஸீமா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தெட்டு. நான்கு மணிக்குப் பெட்டியைத் திறந்தால் பத்து அட்டையும் தபாலாபீஸ் போகும். பத்துக்கும் ஒரே தேதி விழும். பத்து நாளும் எழுதியது பொய்யாகிப் போகும். திறக்கிறவரிடம் பேசி அட்டைகளை வாங்கிவிட்டால், யாரிடமாவது சொல்லி, எழுதிக் கொடுத்து, ஏதாவது ஒரு வழி பிறக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. என்ன வழி என்று அவளுக்கே தெரியாது. பாதி எழுதிய பதினோராவது அட்டை சுளகின் மேல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு துப்பட்டியை இழுத்துப் போர்த்தினாள்.

ரைஸ் மில்லுக்கு முடுக்கு வழியாகப் போனால் சுற்று. பாதியில் ஒரு வீடு கட்ட மணல் கொட்டியிருந்தது. முன்வாசல் கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள்.

அஸர் தொழுகைக்கு முந்தின நேரம். தையற்கடை வாசலில் நான்கு பேர், சைக்கிள் கடையில் மூன்று பேர், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு பள்ளிக்குப் போகிறவர்கள். அவள் நடக்க நடக்கப் பேச்சு ஒவ்வொரு கடையாக நின்றது. பத்தடி பின்னால் தப்பாகப் பித்தான் போட்ட சட்டையோடு அலி அக்பர் வந்தார்.

“என்னவே அலி, வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையா?” என்று ஒருவர் கேட்டார்.

“அவ தபால் போடப் போவுதா,” என்றார் அலி அக்பர்.

“தபாலுக்கா இந்த ஓட்டம்?”

“ஆமாவே, தபாலுக்குத்தான்!” என்று அவர் எரிந்து விழுந்தார். நோன்பு வைத்த வாய் என்பது பிறகுதான் நினைவு வந்தது.

ரைஸ் மில் சுவரோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நேசையா காக்கிப் பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதிக்கு இருபது வருஷமாகத் தபால்காரர் அவர்தான். பெட்டி திறந்திருந்தது. அட்டைகள் அவர் கையில் ஒரு கட்டாக இருந்தன. தன் கையெழுத்து மேலாகத் தெரிந்ததை நஸீமா தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

“அது என்னோடது. பத்தும் என்னோடது. குடுத்துருங்க, அண்ணாச்சி.”

நேசையா அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “எழுத்தப் பாத்தா… வருஷா வருஷம் தடிச்ச கவரு திரும்பி வருமே, அந்த வீட்டு அம்மாவா நீங்க?”

“ஆமா.”

“நானும் கொண்டாந்து போடும்போதெல்லாம் நெனப்பேன், இந்த வீட்ல யாருக்குத் திரும்பத் திரும்பக் கோர்ட்டுல இருந்து வருதுன்னு. கதையாம்மா அது?”

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். போட்டி, தேதி, முடுக்கு, சிவப்புப் பெட்டி. நடுவில் அலி அக்பரும் சேர்ந்துகொண்டார். “பொட்டி செஞ்சது நாந்தான் அண்ணாச்சி, தப்பு என் பேர்ல.”

நேசையா பொறுமையாகக் கேட்டார். பிறகு அட்டைக்கட்டைப் பைக்குள் போட்டார்.

“பொட்டிக்குள்ள விழுந்துட்டா அது சர்க்கார் சாமான். எங்க அம்மை எழுதுன லெட்டரா இருந்தாலும் எடுத்துக் குடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. இன்னைக்கு முத்திரைதான் விழும். நேத்துத் தேதிய நான் எங்கன போயி வாங்கிட்டு வருவேன், சொல்லுங்க?”

நஸீமா போய் ரைஸ் மில் திண்டில் உட்கார்ந்தாள். தெருவே பார்க்க, ஒரு பெண் அப்படி உட்கார்ந்ததை அந்த இடத்தில் யாரும் கண்டதில்லை. அலி அக்பருக்கு முகமெல்லாம் வேர்த்தது. ஆனால் எழுந்திரு என்று அவர் சொல்லவில்லை.

“கையில இருக்கது என்னம்மா?” என்றார் நேசையா.

“இன்னைக்கு உள்ளது. பாதிதான் எழுதியிருக்கேன்.”

“இன்னைக்கு உள்ளதுக்கு இன்னைக்கு முத்திரை விழுமே. ரெண்டு நிமிஷம் நிக்கேன், முடிச்சுத் தாங்க. அதுக்கு மேல நிக்க முடியாது, ரயிலுக்குப் பை போகணும்.”

அன்றைய சொல் ‘சாவி’. எப்படி முடிக்க நினைத்திருந்தாள் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. நேசையாவின் பேனாவை வாங்கி, அட்டையைச் சைக்கிள் இருக்கை மேல் வைத்து, கதையில் இருந்த பெண் சாவியைத் தேடுவதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள் என்று முடித்தாள். நல்ல முடிவா என்று யோசிக்க நேரம் இல்லை. நேசையா வாங்கிப் பையில் போட்டுச் சைக்கிளை மிதித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஜமீலா பீவி மிச்சத் தேங்காயைத் திருகி முடித்திருந்தார். “ஒருத்தன் பறந்து போயி மூஞ்சி குப்புற விழுந்துட்டான்ளா. நீ இல்லாமப் போயிட்டியே,” என்றார் வருத்தத்தோடு. பிறகு இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, “தபால்காரன் குடுத்தானா?” என்றார்.

“இல்ல மாமி.”

“அப்போ நாளைக்கு உள்ளதையும் எழுதிப் போடு. என்ன நடந்துச்சுன்னு பத்திரிகைக்காரனுக்குத் தனியா ஒரு லெட்டர் போடு. கண்ணால கண்டத எழுதுனா நம்பாமலா போயிருவான்?”

நஸீமாவும் அப்படித்தான் நினைத்தாள். சனிக்கிழமை பன்னிரண்டாவது அட்டையை அனுப்பினாள். ஞாயிறன்று நார்வேயில் விளையாட்டெல்லாம் முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். ஜமீலா பீவி டிவிக்குத் துணி போட்டு மூடினார். திங்கட்கிழமை ஓர் இன்லாண்டு கடிதத்தில், முடுக்கு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கி, கொக்கி, மிச்சச் சிவப்புப் பெயிண்டு, கைநாட்டு ஹாஜியார், மொகுதூம் அண்ணாச்சியின் நேர்மை வரைக்கும் ஒன்று விடாமல் எழுதினாள். சாட்சியாக அலி அக்பரும் கீழே கையெழுத்துப் போட்டார். ‘பெட்டி செய்தவர்’ என்று அடைப்புக்குறிக்குள் போடச் சொன்னதும் அவர்தான்.

தர்மப் பெட்டிக்கு அந்த வாரமே பச்சைப் பெயிண்டு அடித்தார்கள். மொகுதூம் அண்ணாச்சி முடுக்கிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டிலும் ‘தர்மப் பெட்டி’ என்று எழுதச் சொன்னார். பெருநாள் வந்தது, போனது.

ஏப்ரல் இதழை அலி அக்பர் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்தார். வாங்கினவர் பிரிக்காமல் கொண்டுவந்தார், அதுவே அவருடைய மரியாதை. விடாமல் அனுப்பியவர்கள் என்று முப்பத்தொன்பது பெயர்கள் இருந்தன. நஸீமா இரண்டு தரம் விரல் வைத்துப் பார்த்தாள். இல்லை. இருக்காது என்று தெரிந்ததுதான். பக்கத்தைத் திருப்பினாள். ‘ஆசிரியர் பக்கம்’ என்று கட்டம் கட்டிய இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அச்சில் தன் பெயரைப் பார்த்த அந்த ஒரு நொடி உடம்பெல்லாம் குளிர்ந்தது. அடுத்த நொடி வாசித்தாள்.

‘மேலப்பாளையம் நசீமா அவர்களுக்கு: ஒரே நாள் முத்திரையோடு பதினொரு அட்டைகள் வந்து சேர்ந்தன. கடைசி நாளில் மொத்தமாக எழுதித் தள்ளிவிட்டு, நடுவர்களைச் சமாளிக்க நீங்கள் அனுப்பிய விளக்கக் கடிதம் அருமை. பெண்களுக்கென்று தனிச் சந்து, கையை மட்டும் நீட்டித் தபால் போடுவது, கணவரே செய்த சிவப்பு உண்டியல்! உங்கள் பன்னிரண்டு கதைகளைக் காட்டிலும் இதுதான் சிறந்த கற்பனை. அடுத்த முறை இதைக் கதையாகவே அனுப்புங்கள். ஒரு நாளைக்கு ஒன்று வீதம்.’

நஸீமா பத்திரிகையைத் தரையில் வைத்தாள். அலி அக்பர் எடுத்து வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் கழுத்து நரம்பு புடைத்தது.

“பொய்யா? நான் பொய்யா? கையெழுத்துப் போட்டிருக்கேனே! நாளைக்கே போவோம் மதுரைக்கு. மொகுதூம் அண்ணாச்சியக் கூட்டிட்டுப் போவோம். ஹாஜியாரக் கூட்டிட்டுப் போவோம். அந்தப் பொட்டியவே கழட்டி லாரியில போட்டுக் கொண்டு போயி அவன் மேசையில வைக்கேன்!”

“பொட்டி இப்பம் பச்சையா இருக்கே,” என்றார் ஜமீலா பீவி. “செவப்புன்னுதான எழுதுனிய? அதுவும் பொய்யின்னுருவான்.”

அலி அக்பர் உட்கார்ந்துவிட்டார்.

“பேரு வந்திருக்கா?” என்று கேட்டார் ஜமீலா பீவி.

“வந்திருக்கு மாமி.”

“என்ன போட்டிருக்கான்?”

நஸீமா அதை அவரிடமிருந்து வாங்கி மறுபடி பார்த்தாள். இந்தத் தடவைதான் அது கண்ணில் பட்டது. பத்திரிகையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். ஆறு வருஷம் காத்திருந்து வந்த பெயர். இதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. எழுந்து போய் ஒரு புது அட்டையை எடுத்துவந்தாள். சுளகைத் தேடாமல் தரையிலேயே வைத்து, பெரிய எழுத்தில், இரண்டே வரி எழுதினாள்.

‘என் பெயர் நசீமா இல்லை. நஸீமா. நீங்கள் அச்சிட்டதில் தவறு அது ஒன்றுதான் என்று நான் சொல்ல மாட்டேன்; ஆனால் அதை முதலில் திருத்துங்கள்.’

“பைய எழுது, அட்டை பொத்துப்போவும்,” என்றார் அலி அக்பர். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “நான் போட்டுட்டு வரட்டா?”

“வேண்டாம், நானே போடுதேன்,” என்றாள் நஸீமா. “நாளைக்கு இன்னொண்ணும் போடணும். அவன் பதில் எழுதுத வரைக்கும் தெனம் ஒண்ணு போடணும்.”